நிதி முடிந்த பிறகும் வளரிளம் பருவத்தினருக்கான ஆலோசனை அறை நிற்காமல் நடக்க என்ன வழி?

கேள்வி:
எங்கள் தொண்டு நிறுவனம் சில அரசு சுகாதார நிலையங்களில் வளரிளம் பருவத்தினருக்கு ஆலோசனை அறை நடத்துகிறது. மாதவிடாய்ச் சிக்கல், கருத்தடை, பால்வினை நோய் என எதைப் பற்றியும் பிள்ளைகள் தயங்காமல் பேசுகிறார்கள். அடுத்த வருடம் நிதி முடிகிறது. சுகாதாரத் துறையிடம் ஒப்படைத்தால் தொடர்ந்து நடக்குமா?

பதில் 1 (அரசு செவிலியர்):
கடைசி மாதத்தில் ஒப்படைத்தால் நடக்காது. ஆலோசகரின் சம்பளம் உங்களிடமிருந்து வருகிறது என்றால், அது நின்றதும் அறையைப் பூட்டிவிடுவார்கள். அப்படிப் பூட்டிய அறைகளைப் பார்த்திருக்கிறேன், மனசு ஆறவில்லை. ஏற்கெனவே பணியில் இருக்கும் செவிலியர்களுக்கு இப்போதே பயிற்சி கொடுங்கள். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால், அவருக்கு இடமாற்றம் வரும்போது எல்லாம் போய்விடும். சீட்டு எழுதுபவரையும் மருந்தாளுநரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்கும் பெண்ணிடம் "கல்யாணம் ஆச்சா?" என்று ஒருவர் உரக்கக் கேட்டால் போதும், அவள் மறுபடி வரமாட்டாள். தனிக் கட்டடமெல்லாம் தேவையில்லை. பள்ளி விட்டபின் ஒரு நேரம், பேச்சு வெளியே கேட்காத ஓர் அறை, அவ்வளவுதான்.

அப்புறம் பதிவேடு. நீங்கள் தனியாக வைத்திருக்கும் நோட்டு துறைக்குத் தெரியாது. 10–14, 15–19 என்ற வயதுப் பிரிவுகள் அரசின் மாதாந்திர அறிக்கையிலேயே வரவேண்டும். அதை வைத்துத்தான் அடுத்த வருட ஒதுக்கீட்டைக் கேட்க முடியும்.

பதில் 2:
மொசாம்பிக்கில் இளைஞர்களின் பாலியல், இனப்பெருக்க நலத்துக்காக 1999இல் தொடங்கிய 'ஜெராசாவ் பிஸ்' திட்டத்தைப் பாருங்கள். சுகாதாரம், கல்வி, இளைஞர் நலன் என மூன்று அமைச்சகங்கள் நடத்தின. ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் பாத்ஃபைண்டர் என்ற தொண்டு அமைப்பும் துணை நின்றன. பள்ளியில் சக மாணவர்களிடம் இதைப் பற்றிப் பேசும் இளைஞரே சுகாதார நிலையத்துக்கு வழிகாட்ட முடிந்தது. கல்வித் துறையை விட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்:
நன்றி. பெற்றோர் சம்மதம் இல்லாமல் வரும் பிள்ளையை ஊழியர்கள் திருப்பி அனுப்பினால்?

பதில் 1:
சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் பெரும்பாலும் சட்டத்தைவிட ஊழியரின் பயம்தான் தடை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட 8 தர அளவுகோல்களில் பிள்ளைகளின் அந்தரங்கத்தைக் காப்பதும் உண்டு. எந்தச் சேவைக்குச் சம்மதம் தேவை, எதற்குத் தேவையில்லை என்று துறையிடமிருந்தே சுற்றறிக்கை வாங்குங்கள். ஒப்படைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்.