சினெக்டகிக்கு என்ன சொல்? ஆகுபெயரைப் பிரிப்பது பற்றி

[மடல் 1: சொல்லடைவுத் தொகுப்பிலிருந்து]

அன்புள்ள குழுமத்தாருக்கு,

இளங்கலை முதலாண்டு இலக்கிய அறிமுக நூலின் அணிப் பகுதிக்குச் சொல்லடைவு தயாராகிறது. சிமிலிக்கு உவமை, மெட்டஃபருக்கு உருவகம். இவற்றில் சிக்கல் இல்லை. மெட்டானிமி (ஒன்றை அதோடு தொடர்புடைய இன்னொன்றின் பெயரால் சொல்வது), சினெக்டகி (உறுப்பால் முழுமையையோ முழுமையால் உறுப்பையோ சொல்வது) இரண்டுக்கும் நேரே ‘ஆகுபெயர்’ என்றே போட்டிருக்கிறது. ‘சினெக்டகி மெட்டானிமியிலிருந்து எப்படி வேறுபடுகிறது’ என்ற பாடத்தலைப்பைத் தமிழில் எழுதினால் ‘ஆகுபெயர் ஆகுபெயரிலிருந்து எப்படி வேறுபடுகிறது’ என்று வந்து நிற்கிறது!

கைவசம் உள்ள பரிந்துரைகள்: பகுதியாகுபெயர், கூறாகுபெயர், முதற்சினை ஆகுபெயர். எது தேறும்?

[மடல் 2]

> பகுதியாகுபெயர், கூறாகுபெயர், முதற்சினை ஆகுபெயர்

ஐயா, மூன்றுமே இடறும். ‘பகுதி’ என்றதும் மாணவருக்குப் பகுதி, விகுதி, இடைநிலைதான் நினைவுக்கு வரும். ‘கூறு’ தனியாக நல்ல சொல்தான், புணரும்போது கெடுகிறது. ஈற்று உகரம் போய்க் ‘கூறாகுபெயர்’ ஆனதும், கூறாமல் விட்ட பெயர் என்று பிரித்துப் படிக்க இடமாகிறது. அந்தப் பொருள் ஆகுபெயருக்கு அரைகுறையாகப் பொருந்தியும் தொலைக்கும் என்பதால் தவறு வெளியே தெரியாது. இலக்கணத்தில் முதல் என்பது முழுப்பொருள், சினை அதன் உறுப்பு; ஆனாலும் ‘முதற்சினை’ என்றால் முதலாவது கிளை என்றே படிப்பார்கள். திருப்பிப் போட்டுச் ‘சினைமுதல்’ என்று வைக்கலாமா என்றால் நன்னூல் 290ஆம் நூற்பாவே தடுக்கிறது. ‘பொருள்முதல் ஆறோடு’ என்று அது தொடங்குகிறது. அங்கே பொருள் முதலான ஆறு (பொருள், இடம், காலம், சினை, பண்பு, தொழில்) என்று பொருள். ‘சினைமுதல்’ என்பதையும் சினை முதலானவை என்றுதான் படிப்பார்கள்.

அந்த நூற்பாவை முழுதாகப் பார்த்துவிட்டுப் பிறகு சொல் தேடுவோம்:

பொருள்முதல் ஆறோடு அளவைசொல் தானி
கருவி காரியம் கருத்தன் ஆதியுள்
ஒன்றன் பெயரான் அதற்குஇயை பிறிதைத்
தொல்முறை உரைப்பன ஆகு பெயரே

அளவையை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நான்காக எண்ணினால் 15 வகை. ‘ஆதி’ என்று கதவைத் திறந்தும் வைத்திருக்கிறார் பவணந்தியார். இவற்றில் முழுமைக்கும் உறுப்புக்கும் உள்ள உறவைத் தொடுபவை இரண்டு. தாமரை என்பது கொடியின் பெயர், அது பூவைக் குறித்தால் முதலின் பெயர் சினைக்கு ஆகி வந்தது. ‘மருக்கொழுந்து நட்டான்’ என்றால் கொழுந்தை மட்டும் யாரும் நடுவதில்லை, செடியைத்தான் நடுகிறார்கள். சினை முதலுக்கு ஆகி வந்தது. ‘தலைக்கு 100 ரூபாய்’ என்பதும் இதே கணக்கு.

ஆக, ஐரோப்பிய அணியியல் இரண்டு திசையையும் ஒரே பெயரில் அடக்குகிறது. தமிழ் திசைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. நமக்குக் குறைவது இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரு தலைப்பு மட்டுமே. போகிற போக்கில் ஒன்று: அடைவில் ‘பொருளாகுபெயர்’ வேண்டாம், ‘முதலாகுபெயர்’ என்றே இருக்கட்டும். நூற்பாவில் ‘பொருள்’ முதற்பொருளைக் குறிக்கிறது. இன்றைய மாணவர் அதை ஏதோ ஒரு சாமான் என்று எடுத்துக்கொண்டு எல்லா ஆகுபெயரையும் அதில் போட்டுவிடுகிறார்.

[மடல் 3]

தலைப்பு வேண்டுமென்றால் வேற்றுமை இயலிலேயே இருக்கிறது. ஆறாம் வேற்றுமைக்கு நன்னூல் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டு பொருள் சொல்கிறது. பண்பு, உறுப்பு, ஒன்றன் கூட்டம், பலவின் ஈட்டம், திரிபின் ஆக்கம் ஆகிய ஐந்தும் தற்கிழமை. ‘யானையது கோடு’ தற்கிழமை, ஏனென்றால் கொம்பு யானையோடு பிறந்தது. ‘முருகனது வேல்’ பிறிதின்கிழமை. வேலைக் கீழே வைத்தாலும் முருகன் முருகன்தான்.

சினெக்டகி–மெட்டானிமி பிரிவும் ஏறத்தாழ இந்தக் கோட்டில்தான் விழுகிறது. வாளை ‘இரும்பு’ என்பதையும் நகையைப் ‘பொன்’ என்பதையும் ஐரோப்பிய நூல்கள் பலவும் சினெக்டகியில் வைக்கின்றன. உறுப்பு–முழுமை என்று மட்டும் வரையறுத்தால் அதற்குக் காரணம் சொல்ல முடியாது. நெல்லினது பொரி போல ஒன்று திரிந்து இன்னொன்றான திரிபின் ஆக்கம் என்றால் காரணம் கிடைத்துவிடுகிறது.

எனவே சினெக்டகி: தற்கிழமை ஆகுபெயர். மெட்டானிமி: பிறிதின்கிழமை ஆகுபெயர்.

[மடல் 4]

மடல் 3 எழுதியவருக்கு ஒரு கும்பிடு, அழகான பொருத்தம். ஆனாலும் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

ஒன்று, ‘பண்பு’. ‘நீலம் சூடினாள்’ என்பதில் நிறத்தின் பெயர் குவளைப் பூவுக்கு ஆயிற்று. பண்பு தற்கிழமை என்பதால் உங்கள் கணக்கில் இது சினெக்டகி. மேல்நாட்டார் பண்புப்பெயர் பொருளுக்கு வருவதைப் பெரும்பாலும் மெட்டானிமியில் வைப்பார்கள். மொழிபெயர்ப்பாளர் அடைவை நம்பிப் போனால் இங்கே மாட்டிக்கொள்வார். இரண்டு, ‘கிழமை’. இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் ஞாயிறா திங்களா என்றுதான் மனம் போகும். உரிமை என்ற பழம்பொருளை முதலில் விளக்கி, பிறகு கலைச்சொல்லை விளக்க வேண்டியிருக்கும்.

கிழமையை உதறிவிட்டு, அந்த ஐந்தில் நடுநாயகமான ‘உறுப்பு’ என்பதை எடுத்து ‘உறுப்பாகுபெயர்’ என்று வைக்கலாம். உறுப்பு முழுமைக்கு வருவதை மட்டும்தானே அது சுட்டுகிறது என்று கேட்பீர்கள். பெயரை உறவுக்கு வைக்கிறோம், திசைக்கு வைக்கவில்லை என்று முன்னுரையில் ஒரு வரி போதும். திசைக்கு முதலாகுபெயரும் சினையாகுபெயரும் இருக்கவே இருக்கின்றன.

சினெக்டகியில் இன்னொரு கிளையும் உண்டு. இனத்தில் ஒன்றைச் சொல்லி இனம் முழுவதையும் குறிப்பது. ‘கல்யாணத்தில் சோறு போட்டார்கள்’ என்றால் சாம்பார், ரசம், பாயசம் எல்லாம் அடக்கம். இதை ஆகுபெயருக்குள் திணிக்க வேண்டாம். ‘ஒருமொழி ஒழிதன் இனங்கொளற் குரித்தே’ என்று நன்னூல் தனியாகவே சொல்கிறது. உரைகாரர்கள் இதை உபலக்கணம் என்பார்கள். ‘நஞ்சுண்டான் சாவான்’ என்றால் உண்டவள் பிழைத்துக்கொள்வாள் என்றா பொருள்? ‘இனங்கொளல்’ என்று நூற்பாச் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம், உச்சரிப்பும் எளிது.

[மடல் 5]

எல்லாரும் சினெக்டகியையே சுற்றுகிறீர்கள். மெட்டானிமிக்கு ‘ஆகுபெயர்’ என்று போட்டதே இரண்டு பக்கமும் அளவு தப்பிய சட்டை.

ஒரு பக்கம் தொளதொள. ‘பாவை வந்தாள்’ நம் மரபில் உவமையாகுபெயர். மேல்நாட்டுக் கணக்கில் அது சுத்தமான மெட்டஃபர். வேறுபடுத்தச் சோதனை இருக்கிறது: பெயருக்குப் பின்னால் ‘போன்ற’ சேர்த்துப் பாருங்கள். ‘பாவை போன்றவள் வந்தாள்’ நிற்கிறது, எனவே ஒப்புமை. ‘கோட்டை அறிவித்தது’ என்ற செய்தித் தலைப்பில் ‘கோட்டை போன்றவர்கள்’ நிற்காது, ‘கோட்டையில் இருப்பவர்கள்’ நிற்கும், எனவே தொடர்பு. சோதனையை அவசரமாகப் போட்டால் தப்பும். ‘தாமரை முகம்’ என்பதில் ‘போன்ற’ பொருந்துகிறதே என்று உவமையோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கு முன்பே கொடியின் பெயர் பூவுக்கு ஆகி முடிந்துவிட்டது. கொடியைப் போன்ற முகம் என்று யாரும் பாடவில்லை. பெயர் எந்தப் பொருளைச் சுட்டுகிறது என்று முதலில் முடிவுசெய்துவிட்டு, பிறகு ‘போன்ற’ சேர்க்க வேண்டும்.

இன்னொரு பக்கம் சட்டை இறுக்கம். ‘அந்த வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை.’ இதில் அடுப்பு அடுப்புதான், எரிதல் எரிதல்தான்; எந்தப் பெயரும் வேறொன்றுக்கு ஆகவில்லை. வாக்கியம் முழுவதும் பட்டினிக்கு ஆகி நிற்கிறது. காரணத்தைச் சொல்லிக் காரியத்தை உணர்த்தும் மெட்டானிமி இது, ‘பெயர்’ என்ற சொல் இதற்கு எட்டாது. அன்மொழி, குறிப்புமொழி என்ற வார்ப்பில் ‘ஆகுமொழி’ என்று வைத்தால் சொல்லும் தொடரும் இரண்டும் அடங்கும். ஆகுபெயர் அதன் உள்வகையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

[மடல் 6]

‘ஆகுமொழி’க்கு என் ஓட்டு. சினெக்டகியை மெட்டானிமிக்கு உள்வகையாக வைப்பதிலும் தவறில்லை. 1980இல் மொழியியலாளர் லேக்காஃபும் மெய்யியலாளர் ஜான்சனும் அப்படித்தான் வைத்தார்கள்.

பயிற்சி வினா எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘கார் அறுத்தான் – இது எவ்வகை ஆகுபெயர்?’ என்று கேட்டு ஒரே விடையை எதிர்பார்க்காதீர்கள். கார் முதலில் கருநிறம். நிறத்தின் பெயர் மேகத்துக்கு, மேகத்தின் பெயர் மழைப் பருவத்துக்கு, பருவத்தின் பெயர் அதில் விளையும் நெல்லுக்கு. மும்மடியாகுபெயர். காலவாகுபெயர் என்ற விடை கடைசிப் படிக்கு மட்டுமே சரி. ‘எத்தனை படி, ஒவ்வொரு படியிலும் என்ன உறவு’ என்று கேளுங்கள்.

‘மஞ்சள் பூசினாள்’ இன்னும் வழுக்கும். பண்பாகுபெயர் என்று பாடம், நிறத்தின் பெயர் கிழங்குக்கு வந்ததாக. இன்றைய காதுக்கு மஞ்சள் என்றால் முதலில் கிழங்கு, பிறகுதான் நிறம். தேர்வில் வைக்காமல் விடுவது நல்லது.

[மடல் 7: தொகுப்பிலிருந்து]

நன்றி. அடைவில் இப்படி ஏற்றுகிறோம்.

மெட்டானிமி – ஆகுமொழி, பெயர்ச்சொல் அளவில் வந்தால் ஆகுபெயர் (உவமையாகுபெயர் நீங்கலாக, அது உருவகத்தின்கீழ்ப் போகிறது). சினெக்டகி – உறுப்பாகுபெயர். உட்பிரிவு முதலாகுபெயர், சினையாகுபெயர். ‘இரும்பு’, ‘பொன்’ இரண்டையும் திரிபின் ஆக்கம் என்ற குறிப்போடு இதிலேயே வைக்கிறோம். இனத்தைக் கொள்ளும் வகைக்கு இனங்கொளல், தனிப் பதிவு. தற்கிழமை–பிறிதின்கிழமை விளக்கம் ஆசிரியர் கையேட்டுக்குப் போகிறது, அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

எடுத்துக்காட்டாகக் ‘காக்கி வந்தது’ சேர்க்கிறோம்: நிறம் சீருடைக்கு, சீருடை காவலருக்கு, இருமடி. முதல் படி பண்பு. இரண்டாம் படிக்கு நன்னூல் பட்டியலில் எந்தப் பெயர்? ‘ஆதி’யில் தள்ளிவிடலாமா?

[மடல் 8]

தள்ள வேண்டாம். ‘விளக்கு முறிந்தது’ என்பதில் தண்டின்மேல் இருக்கும் விளக்கின் பெயர் அதைத் தாங்கும் தண்டுக்கு வந்தது, தானியாகுபெயர். சீருடையும் ஆளின்மேல்தானே இருக்கிறது? தாங்குபவர் காவலர். தானியாகுபெயர் என்றே போடுங்கள்.