கள்ளு மட்டும் குடிக்கிறவருக்குக் குழு ஆலோசனை எதுக்கு?

கொழிஞ்சாம்பாறை_மருமகன்:
மாமாவுக்கு 46 வயசு. காலையில ஒரு குப்பி கள்ளு உள்ளே போனாத்தான் கை நடுக்கம் நிக்குது. நாளைக்கு 3 லிட்டர். "கள்ளுதானே, பிராந்தியா குடிக்கிறேன்"ங்கிறார். டாக்டர் குழு ஆலோசனைக்குப் போகச் சொன்னார். "நாலு பேர் முன்னாடி மானம் போகணுமா"ன்னு மறுக்கிறார். உள்ளே என்ன நடக்கும்? இங்கே கேரளாவுல நடக்கிறது மலையாளத்துல, அது பரவாயில்லையா?

வார்டு_செவிலி:
நடுக்கம் இருக்கிறவரை குழு வேண்டாம். வீட்டிலேயே திடீர்னு நிறுத்தவும் விடாதீங்க. கடைசியாக் குடிச்ச 6 மணி நேரத்துல வேர்வை, நடுக்கம் ஆரம்பிக்கும். 48 மணி நேரத்துக்குள்ள வலிப்பு வரலாம். அப்புறம் சிலர் ஆள் தெரியாமப் பிதற்றுவாங்க, இல்லாத பூச்சியைத் தட்டுவாங்க. உயிருக்கே ஆபத்து. முதல்ல ஆஸ்பத்திரி. தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடாம வெறும் குளுக்கோஸ் ஏத்தச் சொல்லிக் கேக்காதீங்க.

பொள்ளாச்சி_கவுன்சிலர்:
அக்கா சொன்னது முடிஞ்சதும் குழு. 8, 10 பேர் வட்டமா உட்காருவாங்க, ஒன்றரை மணி நேரம். அன்னிக்குக் குடிச்சிட்டு வந்தவரை உட்கார வைக்க மாட்டோம், வேற நாள் வரச் சொல்வோம். உள்ளே பேசினது வெளியே போகாது.

"கள்ளுதானே"ங்கிற பேச்சு டாக்டர்கிட்ட எடுபடும், அங்கே எடுபடாது. பக்கத்து நாற்காலிக்காரர் கணக்குப் போட்டுடுவார்: புளிச்ச கள்ளுல சாராயம் 5 சதவீதம்னு வெச்சாலும் 3 லிட்டர்ல 150 மில்லி. ஒரு குவார்ட்டர் பிராந்தியில சுமார் 77. அப்போ தினமும் ரெண்டு குவார்ட்டர்! குடும்பம் சொன்னா சண்டை. அதே பள்ளத்துல விழுந்தவன் சொன்னா காதுல ஏறும்.

சறுக்கி மறுபடி குடிச்சுட்டாத் திட்டறதில்லை, பின்னோக்கி விசாரிப்போம். எந்தக் கிழமை, எத்தனை மணி, சட்டைப்பையில எவ்வளவு, சாப்பிட்டாச்சா, கூட யாரு? அனேகமா சனிக்கிழமைக் கூலி வாங்கின கையோட, வெறும் வயித்துல. அடுத்த சனிக்குக் கூலியை யார் வாங்கறது, எந்த வழியா வீடு திரும்பறதுன்னு அங்கேயே முடிவாகும்.

குழு கெட்டுப்போறது ரெண்டு விதத்துல. கவுன்சிலரே மைக் பிடிச்சுப் பிரசங்கம் பண்றது ஒண்ணு. 25 பேரை அடைச்சு, ரெண்டு வாயாடிகள் நேரத்தைத் தின்னுடறது இன்னொண்ணு. சேர்க்கும்முன் எத்தனை பேர்னு கேளுங்க.

மலையாளம் புரியும், ஆனா வெட்கமும் அழுகையும் வீட்டு மொழியிலதான் வரும். எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் தமிழ்க் குழு தேடுங்க. ஊர்க்காரன் பார்த்துடுவானோங்கிற பயமும் அதோட தீரும்.

ஏஏ_நண்பன்:
இதோட ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவங்க தங்களுக்குள்ளேயே நடத்திக்கிற) கூட்டத்தைக் குழப்பிக்காதீங்க. 1935ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது, கவுன்சிலர் கிடையாது, கட்டணம் கிடையாது. ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் அறிவுரை சொல்றதும் இல்லை. குழு முடிஞ்சபிறகு வருஷக்கணக்குல தாங்கறது இதுதான். போன்ல கேக்கணும்னா 14446 போதை மீட்பு, 14416 மனநலம்; ரெண்டும் இலவசம்.

கொழிஞ்சாம்பாறை_மருமகன்:
நன்றிங்க. அத்தை என்ன செய்யணும்?

பொள்ளாச்சி_கவுன்சிலர்:
குடும்பத்தாருக்குத் தனிக் குழு உண்டு, அத்தை அங்கே வரட்டும். அவர் வீடு வந்ததும் "இன்னிக்கு என்ன பேசினீங்க"ன்னு மட்டும் கேக்க வேண்டாம். சோறு போட்டாப் போதும்.