ஒரே மாடல் ஸ்லீப்பிங் பேக்: அவன் தூங்கினான், நான் விறைத்தேன்

பாம்பன் வடக்குவாடி

உத்தராகண்டில் கேதார்கந்தா மலை ஏறப் போனவர்களுக்கு, வழியில் இருக்கும் ஜூடா கா தலாப் கேம்ப் தெரிந்திருக்கும், அதனால் வர்ணிக்கவில்லை. சுமார் 9,000 அடி, டிசம்பர் கடைசி, காலை வைத்த இடமெல்லாம் பனி. டென்ட்டில் நானும் ஒரு டேராடூன் பையனும். இருவரிடமும் ஒரே மாடல் ஸ்லீப்பிங் பேக், நிறம்தான் வேறு. உறையில் பெரிய எழுத்தில் மைனஸ் 10 என்று போட்டிருக்கும். அன்று ராத்திரி மைனஸ் 6 என்று கைடு சொன்னார். அப்படியானால் தாங்க வேண்டியதுதானே?

அவன் எட்டரைக்குப் படுத்தான், ஒன்பதுக்குக் குறட்டை. நான் ஜிப் இருந்த பக்கம் முதுகைக் காட்டிப் படுத்திருந்தேன். தோளிலிருந்து இடுப்பு வரை, ஜிப் ஓடுகிற நீளத்துக்கு மட்டும், யாரோ ஈரக் கயிற்றை வைத்து அழுத்துவது போல் இருந்தது. புரண்டு படுத்தால் நெஞ்சில் அதே கோடு. தாங்காமல் முகத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சு விட்டேன். விடியும்போது கழுத்துப் பக்கத் துணி நனைந்து, விளிம்பு மொரமொரவென்று உறைந்து கிடந்தது. அவன் எழுந்து சோம்பல் முறித்துவிட்டு, நல்ல தூக்கமா என்று இந்தியில் கேட்டான் பாருங்கள், அதுதான் இன்னும் ஆறவில்லை.

பிப்ரவரியில் மறுபடி கிளம்புகிறேன். பேக்கை மாற்றணுமா, உடம்பை மாற்றணுமா?

கீழக்கரை காக்கா

தம்பி, பேக்குக்கு உள்ளே ஒரு துணிச்சீட்டு தைத்திருக்கும், அதைப் பாருங்கள். கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண் இருக்கும். ஐ.எஸ்.ஓ. 23537 என்ற தரப்படி பொம்மைக்குள் சூடு ஏற்றி, பேக்குக்குள் படுக்க வைத்து அளப்பது. உறையில் உள்ள மைனஸ் 10 பெரும்பாலும் அந்த மூன்றாவது எண்ணாகத்தான் இருக்கும். அது ஆறு மணி நேரம் உயிர் போகாமல் கிடப்பதற்கான கணக்கு, தூங்குவதற்கானது இல்லை. நமக்கு லிமிட் எண்ணைப் பார்த்து வாங்கினால் போதும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்கு பேக் மேல் சந்தேகம் இல்லை. இங்கே அமீரகத்தில், ராஸ் அல் கைமாவில் ஜெபல் ஜைஸ் மலை இருக்கிறது. ஜனவரியில் ரூம் பையன்களோடு ராத்திரி தங்கப் போனோம். பேக் நல்ல பேக். அடியில் காற்றடிக்கிற மெத்தை, கடற்கரையில் போட்டுப் படுப்போமே அது. நடுராத்திரி எனக்கு நெஞ்சில் வேர்க்கிறது, முதுகு ஐஸ். எங்களோடு வந்த கொல்லத்துக்காரர் ஒருவரிடம் பேக்கே கிடையாது. வண்டியின் கால்மிதியைப் பிடுங்கிப் போட்டு, அதன்மேல் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, ரெண்டு கம்பளியில் சுருண்டுவிட்டார். காலையில் அவரைத்தான் உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது.

நம் எடை அழுத்தி அடிப்பக்கப் பஞ்சு தட்டையாகிவிடும், அதில் சூடு தங்காது. காற்று மெத்தைக்குள் காற்று சுற்றிக்கொண்டே இருந்து தரைக் குளிரை மேலே ஏற்றும். அடியில் விரிக்கிற மேட்டுக்கு ஆர் வேல்யூ என்று ஒரு எண் போடுவார்கள், எண் கூடக் கூட தரைக் குளிரை அதிகம் தடுக்கும். சாதாரண ஃபோம் மேட் 2 வரும், பனிமேல் படுக்க 4-க்கு மேல் வேண்டும். ரெண்டு மேட்டை அடுக்கினால் எண்ணும் கூடும். அந்த டேராடூன் பையன் அடியில் என்ன போட்டிருந்தான்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

தொண்டி டீச்சர்

மேட் பற்றிக் காக்கா சொன்னது சரி. "லிமிட் போதும்" என்றதை மட்டும் யாரும் பின்பற்றிவிடாதீர்கள். லிமிட் என்பது ஒரு ஆண் கால்களை மடக்கிச் சுருண்டு கிடந்தால் எதுவரை தாங்கும் என்பது. கம்ஃபர்ட்தான் காலை நீட்டி நிம்மதியாகப் படுக்கிற எண், அது பெண்ணை வைத்துக் கணக்கிட்டது. அந்தப் பெண்ணும் 1.60 மீட்டர் உயரம், 60 கிலோ. என்னை அவள் பக்கத்தில் நிறுத்தினால் தோளுக்குத்தான் வருவேன். மார்கழியிலும் 20 டிகிரிக்குக் கீழே அபூர்வமாக இறங்குகிற கரையில் வளர்ந்த நமக்கு, போகிற இடத்துக் குளிரைவிட நாலைந்து டிகிரி கீழே இருக்கிற கம்ஃபர்ட் எண் வேண்டும்.

மணாலி பக்கம் மலையேறப் போனபோது வாடகைக்கு எடுத்தோம். குள்ளமானவர்களுக்கு என்று தனி அளவு அங்கே இல்லை, ஆறடி ஆளுக்கான பேக்கைத் தூக்கிக் கொடுத்தார்கள். உள்ளே நுழைந்தால் என் பாதத்துக்குக் கீழே ஒன்றரை அடி வெற்றிடம். ராத்திரி முழுக்க அந்த இடத்தைச் சூடாக்குவதுதான் என் உடம்புக்கு வேலை. கால் விரல் பத்தும் இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தேன். மறுநாள் மிச்சத் துணியையெல்லாம் கால்மாட்டில் திணித்து, மேலே ஒரு கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன், அப்புறம் தூக்கம் வந்தது. வாங்குகிறவர்கள் வெயிலில் நின்று எண்ணை மட்டும் படிக்காமல், கடையிலேயே ஒருதரம் உள்ளே படுத்துப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாம்பன் தம்பிக்கு ஒரு கேள்வி. அன்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்?

வேதாளை வலைக்காரன்

எதற்குங்க இத்தனை எண்? மார்கழி வாடையில் வலையைப் போட்டுவிட்டுப் படகிலேயே படுக்கிறோம். ஒரு தார்ப்பாய், ஒரு போர்வை, முடிந்தது.

போன தை மாதம் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். அரியமான் கடற்கரையில் டென்ட் இல்லாமல், வாத்து இறகு அடைத்த பேக்கில் வெட்டவெளியில் படுத்தார். விலையைக் கேட்டதும் என் இன்ஜின் ரிப்பேர் செலவு ஞாபகம் வந்தது. நாலு மணிக்குக் கரைக்கு வந்தபோது மனுஷன் எழுந்து உட்கார்ந்து நடுங்குகிறார். பேக்கைத் தொட்டால் சொதசொதவென்று பனி. உள்ளே இறகு உருண்டை உருண்டையாகத் திரண்டு ஓரத்துக்கு ஒதுங்கி, நடுவில் ரெண்டு துணிதான் ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபிளாஸ்க் டீயைக் கொடுத்து என் போர்வையையும் போர்த்திவிட்டேன்.

கீழக்கரை காக்கா

வலைக்காரரே, அரியமான் குளிரும் மைனஸ் 6-ம் ஒன்றா? டென்ட் போடாமல் பனியில் படுத்தது அவர் தப்பு, இறகு என்ன செய்யும்?

டீச்சர், பொம்மைக்கு உயரம், எடை எல்லாம் சரி. உங்கள் கணக்குப்படி வாங்கினால் ஒரு கிலோ கூடுதலாகச் சுமக்கணும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மண்டபம் கேம்ப்

என் கதை சின்னது. மழைக்காலம் முடிந்து பரணிலிருந்து என் இறகு பேக்கை இறக்கினேன். உள்ளே கரும்புள்ளி, வெளியே கருவாட்டு வாடை. அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நம் ஊரில் பேக் கெடுவது மலையில் இல்லை, வீட்டில். வாங்கும்போது வருகிற சின்னப் பையில் திணித்தே வைத்திருந்தால் இறகும் சரி, சிந்தெட்டிக் பஞ்சும் சரி, உப்புகிற குணத்தை இழந்துவிடும். அந்த உப்பலில் அடைபட்ட காற்றுதான் சூட்டைப் பிடிக்கிறது. 650 ஃபில் பவர் என்றால், 28 கிராம் இறகு 650 கன அங்குலத்துக்கு உப்பும் என்று அர்த்தம். வருஷம் முழுக்க நசுக்கி வைத்தால் அந்த எண் சீட்டில் மட்டும்தான் இருக்கும். பழைய பருத்தி வேட்டியில் பெரிய பையாகத் தைத்து, அதில் தளர்வாகப் போட்டுத் தொங்கவிடுங்கள். பீரோவுக்குள் வேண்டாம், கடல் ஈரம் அதில்தான் போய்த் தங்குகிறது. கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் அவ்வப்போது நிழலில் காயப் போடுங்கள், கொடியில் மணலும் உப்பும் ஒட்டாத இடமாகப் பார்த்து. துவைத்தால் மிதமான சோப்பு, முறுக்கிப் பிழியவே கூடாது, தூக்கும்போது இரண்டு கையாலும் அடியிலிருந்து அள்ளித் தூக்குங்கள். இறகு காய நாள் கணக்கில் ஆகும். டிரையர் வைத்திருப்பவர்கள் குறைந்த சூட்டில் ரெண்டு டென்னிஸ் பந்தையும் சேர்த்துப் போட்டு ஓட்டினால் உருண்டைகள் உடையும். இதையெல்லாம் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் சிந்தெட்டிக் வாங்குங்கள். எடை கூடும், பெரிதாக மடியும், ஆனால் நனைந்தாலும் ஓரளவு சூடு தரும், சீக்கிரம் காயும்.

பாம்பன் தம்பி, ஜிப்புக்கு உள்பக்கம் நீளமாக ஒரு பஞ்சுக் குழாய் தைத்திருக்கிறதா பாருங்கள். விலை குறைந்த பேக்குகளில் அது இருக்காது. ஜிப் பல் வழியே குளிர் நேரே உள்ளே வரும்.

உச்சிப்புளி

மேட் என்றதும் சொல்லத் தோன்றியது. நான் பனை ஓலைப் பாயைச் சுருட்டி இமயமலை வரை கொண்டுபோனவன். கேதார்கந்தா ஏற்றம் தொடங்குகிற சாங்க்ரி ஊரில் சுமைகாரர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இது தின்பதா படுப்பதா என்று கேட்டார். வாடகை ஃபோமுக்கு அடியில் விரித்தேன், நன்றாகத்தான் இருந்தது.

கீழக்கரை காக்கா

நன்றாக இருந்தது ஃபோம். பாய் தரை ஈரத்தைத் தடுத்திருக்கும், சூட்டைப் பிடிக்க அதில் கனம் ஏது?

உச்சிப்புளி

படுத்தது நான், காக்கா.

பாம்பன் வடக்குவாடி

சீட்டைப் பார்த்தேன். கம்ஃபர்ட் 8, லிமிட் 4, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 10. பஞ்சுக் குழாய் இல்லை, வெறும் ஜிப்தான்.

டீச்சர் கேட்டதற்கு: வயிற்றைப் புரட்டியதால் ரெண்டு ரொட்டியோடு எழுந்துவிட்டேன். அவன் பருப்பு, சாதம், நெய் என்று மூன்றாம் தடவையும் வாங்கினான். கேம்ப்பில் கொடுத்த மேட்டுக்கு மேல் சொந்த மேட் ஒன்றும் போட்டிருந்தான். படுக்கிற நேரத்தில் சமையல் டென்ட்டுக்குப் போய் ஸ்டீல் பாட்டிலில் வெந்நீர் பிடித்துவந்து, கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து, தொடை நடுவில் வைத்துக்கொண்டான். குடிக்கத்தான் போல என்று நினைத்தேன்.

கம்ஃபர்ட் மைனஸ் 8-ல் சிந்தெட்டிக் பார்த்து வைத்திருக்கிறேன், ரெண்டு கிலோவுக்கு மேல் வருகிறது. சாங்க்ரியில் வாடகைக்கே எடுத்துவிட்டு உள்ளே லைனர், அதாவது மெல்லிய துணி உறை, மட்டும் என்னுடையது போட்டுக்கொண்டால் சமாளிக்கலாமா?

தொண்டி டீச்சர்

சமாளிக்கலாம். லைனர் ஓரிரு டிகிரி கூட்டும், அதைவிட முக்கியமாக முன்னால் படுத்தவரின் வியர்வை உங்கள்மேல் ஒட்டாது. ஜிப்பைப் பிரித்துப் பார்த்து எடுங்கள். மேட்டை மட்டும் சொந்தமாக வாங்குங்கள்.

வேதாளை வலைக்காரன்

அந்த ஃபோம் மேட் ராமநாதபுரத்தில் எங்கே கிடைக்கும்? படகுப் பலகையில் போட ரெண்டு வேண்டும்.