14 மாத லாபம், ஒரு நாள் நஷ்டம்: டிரேடிங்கில் நிலைத்து நின்றவர் என்று யாரைச் சொல்வது?

வியாசை39:
வணக்கம். பாரிமுனையில் ஒரு ஷிப்பிங் ஆபீசில் வேலை, வீடு வியாசர்பாடி. 2023 ஏப்ரலில் இருந்து பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டியின் வீக்லி ஆப்ஷன் விற்றுக்கொண்டிருந்தேன், பெரும்பாலும் புட், அதாவது குறித்த அளவுக்குக் கீழே நிஃப்டி விழுந்தால் விற்றவர் பணம் கொடுக்க வேண்டிய ஒப்பந்தம். போட்ட முதல் 7 லட்சம், அதில் 2 லட்சம் மனைவி நகையை அடகு வைத்தது. 14 மாதத்தில் ஒரு மாதம்கூட நஷ்டம் இல்லை, சராசரியாக மாதம் 19,000 வந்தது, பையன் ஸ்கூல் ஃபீஸும் வண்டி டியூவும் அதிலேயே ஓடியது. மேனேஜரிடம் முறைத்துப் பேசும் அளவுக்குத் தைரியம் வந்து, வேலையை விடும் தேதியைக்கூட மனதுக்குள் குறித்துவிட்டேன்.

அப்புறம் 2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் முடிவு வந்த நாள். முந்தின நாள் எக்ஸிட் போல் குஷியில் மார்க்கெட் 3 சதவீதம் ஏறியதும், இனி எங்கே இறங்கப் போகிறது என்று நிஃப்டி 22,800க்குக் கீழே போகாது என்று அந்தப் புட்டில் 10 லாட் (ஒரு லாட் என்பது 25 எண்ணிக்கை கொண்ட கட்டு) விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் ஆபீஸ் பாத்ரூமில் போனோடு நிற்கிறேன், விரல் வியர்த்து ஸ்கிரீன் தொட்டால் வேலை செய்யவில்லை, சட்டையில் துடைத்துத் துடைத்து அழுத்தினேன். வெளியே வந்தபோது 3 லட்சம் போயிருந்தது.

அதற்குப் பிறகு தொடவில்லை. இப்போது மறுபடி கை அரிக்கிறது. 14 மாதம் சரியாகச் செய்துவிட்டு ஒரு நாள் மட்டும் தப்பு செய்தேனா, இல்லை 14 மாதமும் தப்பாகத்தான் செய்துகொண்டிருந்தேனா? இந்தத் தொழிலில் ஜெயித்தவர் என்று எத்தனை வருடம் பார்த்துச் சொல்வது?

பெரம்பூர் லோகோ:
இரண்டாவதுதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். 2023 மார்ச் கடைசியில் நிஃப்டி 17,400 பக்கம், 2024 ஜூன் ஆரம்பத்தில் 23,000க்கு மேல். ஏறுகிற மார்க்கெட்டில் புட் விற்ற எல்லோரும் கெட்டிக்காரர்தான். புட் விற்பது இன்சூரன்ஸ் பாலிசி விற்கிற வேலை, பிரீமியம் வந்துகொண்டே இருக்கும், க்ளெய்ம் எப்போது வரும் என்று மட்டும் தெரியாது. நீங்கள் பிரீமியம் முழுவதையும் லாபம் என்று எழுதி ஸ்கூல் ஃபீஸ் கட்டிவிட்டீர்கள், க்ளெய்முக்கு ஒரு பைசா எடுத்துவைக்கவில்லை. 22,800க்கும் கீழே உள்ள அளவில் இன்னொரு புட்டை வாங்கி வைத்திருந்தால் மாத வருமானம் குறைந்திருக்கும், ஆனால் நஷ்டம் எங்கே நிற்கும் என்று முதல் நாளே தெரிந்திருக்கும்.

7ல் 3 போனால் மீதி 4. அந்த 4 திரும்ப 7 ஆக 75 சதவீதம் சம்பாதிக்க வேண்டும். இந்தக் கணக்கை நஷ்டத்துக்கு முன்னால் போட்டுப் பார்த்தவர்கள்தான் நிற்கிறார்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டது, 2024 மார்ச்சோடு முடிந்த மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 சதவீதம்தான். அதோடு ஜூனில் நீங்கள் விற்றபோது நிஃப்டி லாட் 25, 2024 நவம்பரில் அதை 75 ஆக்கினார்கள். ஒரே ஒரு லாட் என்று இறங்கினாலும் பழைய ஒரு லாட் இல்லை.

நான் 2011ல் இருந்து இருக்கிறேன். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது, அன்று என் கையிருப்பில் 4 சதவீதம் போனது. அடுத்த வருடம் நிறையவே சம்பாதித்தேன், ஆனால் என்னிடம் பெருமையாகக் காட்ட ஏதாவது இருக்கிறதென்றால் அந்த 4 தான்.

ஒரு கேள்வி. அந்த வருட நஷ்டத்தைக் கெடுவுக்குள் ஐடிஆர்-3ல் (வியாபார வருமானம் உள்ளவர்களுக்கான வருமான வரி ரிட்டர்ன் படிவம்) காட்டினீர்களா? எஃப் அண்ட் ஓ நஷ்டத்தை 8 வருடம் வரை முன்னெடுத்துப் போய்ப் பின்னால் வரும் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம்.

டோல்கேட்காரன்:
டெலிகிராமில் தினமும் லாப ஸ்கிரீன்ஷாட் போடும் அண்ணனைக் கேட்டால் மூன்றே மாதத்தில் நிலைத்துவிடலாம் என்பார். வகுப்புக்கு 15,000 தனி.

காசிமேட்டுக் கரை:
எனக்கு ஆப்ஷன் தெரியாது, சும்மா படிக்க வந்தேன், ஆனால் அடகு என்ற வார்த்தையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. எங்கம்மா 30 வருடத்துக்கு மேலாக மீன் வியாபாரம். விடியுமுன்னே காசிமேட்டில் ஏலத்துக்கு நிற்பார், கூடையைக் கொட்டியதும் குனிந்து ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், அவ்வளவுதான், மனதில் ஒரு விலை விழுந்துவிடும். ஏலம் அதைத் தாண்டினால் கையை முந்தானைக்குள் விட்டுக்கொள்வார். சின்ன வயதில் நான் கூடப் போயிருக்கிறேன், பக்கத்துக் கூடைக்காரி அக்கா வாங்கிவிட்டாரே, நாமும் ஒரு 200 ஏற்றிக் கேட்டால் என்ன என்று இழுத்தால் தலையில் ஒரு தட்டு விழும். வெறுங்கூடையோடு வீட்டுக்கு வந்த நாட்கள் எத்தனையோ உண்டு, அன்றைக்கு வீட்டில் ரசம்தான்.

அவர் தண்டல், அதாவது தினம் வசூலிக்கும் வட்டிக் கடன், மட்டும் வாங்கவே மாட்டார். தண்டல் காசில் கூடை எடுத்தால் சாயங்காலம் மீனுக்கு விலை சொல்வது நீ இல்லை, தண்டல்காரன் என்பார். அது எவ்வளவு உண்மை என்று மழை நாளில் பார்க்கலாம், ஆள் வராது, ஐஸ் கரையும், கடன்காரர் வரும் நேரம் ஆக ஆக வஞ்சிரம் மத்தி விலைக்குப் போகும். சொந்தக் காசு போட்டவர் ஐஸை மாற்றி மூடிவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருப்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், பெரிய போட் கடலுக்குப் போகாது. அதற்கு அம்மா மாசியிலேயே கருவாடு போட ஆரம்பித்துவிடுவார். கூட ஆரம்பித்தவர்களில் அம்மாவை விடப் பெரிதாகச் சம்பாதித்தவர்கள் உண்டு, லாரி வைத்தவர்கூட உண்டு. இன்றைக்கு ஏலத்தில் அவர்கள் யாரும் இல்லை.

வியாசை39:
லோகோ சார், ரிட்டர்னில் சம்பளம் மட்டும்தான் காட்டினேன். எஃப் அண்ட் ஓ நஷ்டத்தையும் காட்ட வேண்டும் என்றே தெரியாது. நகை இன்னும் கடையில்தான், வட்டி மட்டும் கட்டி வருகிறேன். கரை, அம்மா தண்டல் பற்றிச் சொன்னதை மனைவியிடம் படித்துக் காட்டினேன், பதில் பேசாமல் அடகுச் சீட்டை எடுத்து டிவி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பெரம்பூர் லோகோ:
அப்படியென்றால் வேலையை விடுவது பற்றிய பேச்சே வேண்டாம். முதலில் நகையைத் திருப்புங்கள். அதுவரை செய்தே தீர வேண்டும் என்றால், இன்றைக்கு என்ன விற்றிருப்பேன், எங்கே வெளியே வந்திருப்பேன் என்று நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள், பணம் போடாமல். மார்க்கெட்டின் ஒரு பெரிய வீழ்ச்சி உங்கள் நோட்டில் வரும்வரை எழுதுங்கள். ஆறு மாதமாகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். ரிட்டர்னைத் திருத்த இன்னும் வழி இருக்கிறதா என்று நல்ல ஆடிட்டரிடம் கேளுங்கள், கெடு தாண்டியிருந்தால் அதை முன்னெடுக்க முடியாது.

வியாசை39:
நோட்டு வாங்கிவிட்டேன் சார். கரை, அம்மா கடை எந்தப் பக்கம்? ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன்.

காசிமேட்டுக் கரை:
தனியாக மெசேஜ் போடுகிறேன் அண்ணா. எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள், ஞாயிறு கூட்டம் தாங்காது. வஞ்சிரத்துக்கு மட்டும் பேரம் பேசாதீர்கள், அம்மா திட்டும்.