கோத்தகிரியில் பென்ஷன்: ஆயிரம் ரூபாய் மருத்துவப்படியா, சி.ஜி.எச்.எஸ். மருந்தா?

கோத்தகிரி மகள்

வணக்கம். அப்பா வருமான வரித்துறையில் லெவல் 6 சம்பள நிலையில் ஓய்வு பெற்றவர், வயது 68. அம்மா அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 66. இருவரும் கோத்தகிரியில்தான் இருக்கிறார்கள். அப்பாவுக்குப் பென்ஷனோடு மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படி வருகிறது. சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு ஊழியர், ஓய்வூதியருக்கான மருத்துவத் திட்டம்) அட்டை எடுக்கவில்லை. அம்மாவின் பென்ஷனில் காப்பீட்டுக்கு மாதம் 497 ரூபாய் பிடிக்கிறார்கள்; மருத்துவப்படி 300 தருகிறார்கள்.

அப்பாவின் மாத்திரைக்கு மட்டும் மாதம் 3,400 ஆகிறது. சர்க்கரைக்கு எம்பாகிளிஃப்ளோசின் 10 காலையில் ஒன்று, சிட்டாகிளிப்டின் 50 + மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை; பிரஷருக்கு டெல்மிசார்டான் 40; கொழுப்புக்கு இரவில் அட்டோர்வாஸ்டாட்டின் 10. எல்லாமே கம்பெனிப் பெயரில் டாக்டர் எழுதிக் கொடுத்தவை. "படியை விட்டுட்டு சி.ஜி.எச்.எஸ்.ல சேருங்க, மாத்திரை சும்மா கிடைக்கும்" என்று அப்பாவின் நண்பர்கள் சொல்கிறார்கள். சேரலாமா? அம்மாவின் காப்பீட்டில் மாத்திரைச் செலவைக் கேட்க முடியாதா?

பென்ஷன் கணக்கர்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: முடியாது. மாநில அரசு ஓய்வூதியர் காப்பீட்டில் (2022 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரையிலான நான்காண்டுத் திட்டம்) 5 லட்சம் வரை கிடைப்பது ஆஸ்பத்திரியில் படுத்துச் செய்யும் சிகிச்சைக்கு. குறிப்பிட்ட பெரிய நோய்களுக்கு 10 லட்சம் வரை போகும். மாதாமாதம் கடையில் வாங்கும் மாத்திரைக்கு அதில் இடமில்லை. அதற்காகத் தருவதுதான் அந்த 300. ஆனால் அந்தத் திட்டத்தில் ஓய்வூதியரின் துணைவரும் சேர்த்தி. அம்மாவின் அட்டையில் அப்பா பெயர் ஏறியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். ஏறியிருந்தால் அப்பாவுக்கு உள்நோயாளிச் செலவுக்கு ஒரு ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. மிச்சம் இருப்பது மாத்திரைக் கேள்வி மட்டும்.

இப்போது சி.ஜி.எச்.எஸ். லெவல் 6-க்குச் சந்தா மாதம் 450. வருடா வருடம் 5,400 கட்டலாம். அல்லது பத்து வருடச் சந்தாவை மொத்தமாக, அதாவது 54,000 கட்டினால் ஆயுளுக்கும் போதும். வெளிநோயாளி வசதியையும் (படுக்காமல் டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்குவது) எடுத்தால் 1,000 ரூபாய் படி நின்றுவிடும். ஆக வருடக் கணக்கில் 5,400 சந்தா, 12,000 படி இழப்பு, மொத்தம் 17,400. மாதத்துக்கு 1,450 வருகிறது. "சும்மா" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

இதற்கு மேல் மலைக் கணக்கு இருக்கிறது. நீலகிரியில் சி.ஜி.எச்.எஸ். நல மையம் (டாக்டரைப் பார்த்து மருந்து வாங்கும் இடம்) கிடையாது. வேறு எந்த சி.ஜி.எச்.எஸ். நகரத்திலும் பதியலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் மாத்திரைக்குக் கீழே இறங்கத்தான் வேண்டும். நாள்பட்ட நோய்க்கு மூன்று மாத மருந்து ஒரே தடவையில் தருவார்கள். கையிருப்பில் இல்லாததை உள்ளூர் மருந்துக்கடை மூலம் வரவழைத்துத் தருவார்கள், அதற்கு இன்னொரு நாள் போக வேண்டியிருக்கும். தனியார் கிளினிக் சீட்டை அப்படியே ஏற்க மாட்டார்கள். அரசு ஆஸ்பத்திரி நிபுணரோ, அவர்கள் அங்கீகரித்த ஆஸ்பத்திரியில் முறைப்படி பார்த்த நிபுணரோ எழுதியிருக்க வேண்டும். உங்களுக்கு ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிச் சீட்டு வசதிப்படும். நல மையத்திலும் கம்பெனிப் பெயர் கேட்டால் கிடைக்காது, அதே மூலக்கூறில் (மாத்திரைக்குள் இருக்கும் மருந்து) வேறு பெயர்தான் கையில் வரும்.

பலருக்குத் தெரியாத நடுவழி ஒன்று உண்டு. சி.ஜி.எச்.எஸ். பகுதிக்கு வெளியே குடியிருப்பவர் மருத்துவப்படியை வைத்துக்கொண்டே உள்நோயாளி வசதிக்கு மட்டும் அட்டை எடுக்கலாம். சந்தா மட்டும் முழுசாகக் கட்ட வேண்டும். அம்மாவின் காப்பீட்டு வரம்பு போதாது என்று தோன்றினால் இதை யோசிக்கலாம்.

முக்கியமானது: படியிலிருந்து வெளிநோயாளி வசதிக்கு மாறும் வாய்ப்பு ஆயுளில் ஒரே தடவை. சர்க்கரை மாத்திரைக்காக அதைச் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நாளைக்கு வீட்டிலிருந்தே சாப்பிட வேண்டிய விலை உயர்ந்த புற்றுநோய் மாத்திரை மாதிரி ஏதாவது வந்தால், அன்றைக்குத்தான் அது உண்மையில் உதவும்.

மாத்திரை டப்பா

நான் மருந்தாளர். திட்டத்தை மாற்றுவதற்கு முன்னால் சீட்டைப் பாருங்கள். உங்கள் 3,400-இல் முக்கால்வாசிக்கு மேல் முதல் இரண்டு மருந்துக்குத்தான் போகிறது.

எம்பாகிளிஃப்ளோசின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்தது. அதற்கு முன் மாத்திரை கிட்டத்தட்ட 60 ரூபாய், மாதம் 1,800. இப்போது பல இந்தியக் கம்பெனிகள் செய்கின்றன, 5 முதல் 15 ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதிகபட்சம் என்றே வைத்தாலும் மாதம் 450. சிட்டாகிளிப்டின் காப்புரிமை 2022-லேயே போய்விட்டது. அந்த வருடம் மக்கள் மருந்தகத்தில் (மத்திய அரசின் மலிவு விலை மருந்துக்கடை, ஜன் ஔஷதி) 50/500 கூட்டு மாத்திரை பத்துக்கு 65 ரூபாய் என்று வந்தது. அப்பாவுக்கு மாதம் ஆறு அட்டை, 390. டெல்மிசார்டானும் அட்டோர்வாஸ்டாட்டினும் சேர்ந்து 150-க்குள் அடங்கிவிடும். கூட்டிப் பாருங்கள், 1,000-ஐ ஒட்டி நிற்கும். படிப்பணமே போதும்.

டாக்டர் ஏன் பழைய பெயரையே எழுதுகிறார் என்றால், பழைய சீட்டைப் பார்த்து "அதையே தொடருங்கள்" என்று எழுதுவதுதான் வழக்கம். கடைக்காரர் தன்னிஷ்டத்துக்கு வேறு கம்பெனி மாற்றித் தரச் சட்டத்தில் இடமில்லை. எனவே அடுத்த முறை போகும்போது மூலக்கூறுப் பெயரில் எழுதிக் கேளுங்கள். எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ளக் கூடாத கேள்வி இது.

வாங்குமிடம்: மக்கள் மருந்தகம் எங்கே, மருந்து என்ன விலை என்பதை 'ஜன் ஔஷதி சுகம்' செயலியில் பார்க்கலாம். 2025 பிப்ரவரி 24 முதல் முதல்வர் மருந்தகங்களும் இருக்கின்றன. போவதற்கு முன் ஃபோனில் கேட்டுவிடுங்கள், இருப்பு ஒரே மாதிரி இருக்காது. அம்மாவுக்குச் சாதாரணச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை என்றால் அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவசம்.

மாற்றும்போது தவறு நடக்கும் இடங்கள்: மெட்ஃபார்மினில் சாதாரணமும் எஸ்.ஆரும் (மெதுவாகக் கரைவது) வேறு வேறு. டெல்மிசார்டானோடு 'எச்' எழுத்து இருந்தால் அதில் நீர் பிரியும் மருந்து சேர்ந்திருக்கிறது. இதெல்லாவற்றையும்விட ஆபத்தானது, பழைய அட்டை வீட்டில் மிச்சமிருக்க, புதுப்பெயரில் வந்ததையும் வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் விழுங்குவது. பிரஷர் மருந்து இரட்டித்தால் தலைசுற்றி விழுவார்கள். புது அட்டையின் பின்பக்கம் மார்க்கரில் "சர்க்கரை, காலை" என்று எழுதி, பழையதை எடுத்து அப்புறப்படுத்துங்கள். மாற்றிய முதல் இரண்டு வாரம் வீட்டில் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துக் குறித்து வைத்தால் டாக்டரிடம் காட்டலாம்.

கோத்தகிரி மகள்

அம்மா தைராக்ஸின் 75 சாப்பிடுகிறார். அதையும் மாற்றலாமா? 70 வயதானால் 5 லட்சம் மத்திய அரசு அட்டை என்கிறார்களே, அதில் மாத்திரை வருமா?

மாத்திரை டப்பா

தைராக்ஸினை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே விலை குறைந்த மருந்து, மிச்சம் ஒன்றும் இல்லை. அளவு மைக்ரோகிராமில் போவதால் ஒரே கம்பெனியில் நிற்பது நல்லது. கட்டாயம் மாற வேண்டி வந்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை) பாருங்கள்.

பென்ஷன் கணக்கர்

வய வந்தனா அட்டையைச் சொல்கிறீர்கள், 2024 அக்டோபர் 29-இல் வந்தது. அதுவும் படுத்துச் செய்யும் சிகிச்சைக்குத்தான். மருந்து என்று பார்த்தால் சேர்வதற்கு முன் 3 நாள், வீடு திரும்பியபின் 15 நாள், அவ்வளவே. சி.ஜி.எச்.எஸ்.-இல் இருப்பவர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

வெலிங்டன் வாசி

முன்னாள் ராணுவத்தினர் யாராவது இதைப் படித்தால்: இ.சி.எச்.எஸ். (முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டம்) உறுப்பினருக்கு இந்த 1,000 ரூபாய் கிடையாது, மேலே உள்ள கணக்கும் பொருந்தாது. மருந்து பாலிகிளினிக்கில். அங்கே இல்லையென்றால் 'இருப்பில் இல்லை' என்று சீட்டில் எழுதி வாங்கிய பிறகே வெளியில் வாங்க வேண்டும். முதலில் வாங்கிவிட்டுப் பில்லோடு போய் நின்றால் பணம் வராது.

இன்னொன்று எல்லோருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் கடைக்குச் சரக்கு ஏறாது. புரட்டாசியிலேயே பதினைந்து நாள் மாத்திரை கூடுதலாக வாங்கி வைத்துவிடுங்கள்.

பென்ஷன் கணக்கர்

பிற்காலத்தில் வெளிநோயாளி வசதிக்கு மாறுவதாக இருந்தால் வரிசை இது. பென்ஷன் தரும் வங்கியில் படியை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். நிறுத்தியதற்குச் சான்று வாங்கி விண்ணப்பத்தோடு சேருங்கள். சந்தாவை முந்திக்கொண்டு பாரத்கோஷில் (மத்திய அரசுக்குப் பணம் கட்டும் இணையதளம்) கட்டாதீர்கள். 2025 ஏப்ரல் 28 முதல் சி.ஜி.எச்.எஸ்.-இன் புது இணையதளத்தில் விண்ணப்பத்தைச் சரிபார்த்த பிறகுதான் பணம் கட்டும் வழி திறக்கும். படியையும் வாங்கிக்கொண்டு மருந்தையும் வாங்கினால் பின்னால் பென்ஷனில் பிடிப்பார்கள். அப்பா உங்களோடு சி.ஜி.எச்.எஸ். உள்ள நகரத்துக்கே நிரந்தரமாகக் குடிபெயர்ந்தாலும் படி பெறும் தகுதி போய்விடும். அதை வங்கிக்கு நீங்களேதான் தெரிவிக்க வேண்டும்.