46 பழைய டெஸ்க்டாப்: எதை வைப்பது, ஆந்திரா குடோனுக்கு எப்படி அனுப்புவது?

கும்மிடி_சிஸ்டம்ஸ்:
வணக்கம். சிப்காட் ஆபீஸில் 46 டெஸ்க்டாப் மாற்றுகிறோம். எல்லாம் ஐ5 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 இந்த பிராசஸரை ஏற்காது. ஸ்கிராப்பில் போடச் சொல்கிறார்கள். ஆந்திராவில் தடாவிலுள்ள எங்கள் குடோனில் பார்கோடு ஸ்கேன், லேபிள் பிரிண்ட், பிரவுசரில் ஓடும் ஈஆர்பி (சரக்கு, கணக்கு மென்பொருள்), இவ்வளவுதான் வேலை. அங்கே ஓட்டலாமா? டிஸ்க்கை எப்படி அழிப்பது, ஆந்திராவுக்கு என்ன பேப்பர்?

பழுதுமேசை:
ஸ்கிராப்பில் போடாதீங்க சார், அந்த வேலைக்கு இது தாராளம். மெஷின் இழுப்பது ஹார்ட் டிஸ்க்காலதான். 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்), 8 ஜிபி ரேம் போட்டாலே ஆள் மாறிவிடும். ரேமுக்குக் காசு போடுமுன் மூடியைத் திறந்து பாருங்க. ஆறாம் தலைமுறை போர்டில் சிலதுக்கு டிடிஆர்3எல் வகை ரேம், சிலதுக்கு டிடிஆர்4 வகை. ஒன்று மற்றதில் உட்காராது. கெபாசிட்டர் உப்பின போர்டுகளை ஒதுக்கி, அதிலுள்ள ரேமை மற்றதில் சேருங்க, கொஞ்சம் தேவை அதிலேயே தீரும்.

போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 காயின் பேட்டரியை எல்லாவற்றிலும் மாற்றுங்க. அது செத்தால் தேதி பல வருஷம் பின்னால் போகும், பிரவுசர் சர்ட்டிபிகேட் எரர் காட்டும், ஈஆர்பி திறக்காது. குடோன்காரர் நெட் போச்சு என்றுதான் போன் பண்ணுவார். தூசி போக புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்க. தானாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போடுங்க, பழைய மெஷினுக்கு ஏற்ற லேசான ஓஎஸ். யூஎஸ்பி ஸ்கேனர் கீபோர்டு மாதிரிதான் வேலை செய்யும், டிரைவர் வேண்டாம். லேபிள் பிரிண்டரில்தான் தகராறு வரும். ஒரு மெஷினில் நிஜ லேபிளை அடித்து, அளவு சரியாக விழுகிறதா பார்த்த பிறகு மற்றதைத் தொடுங்க.

டிஸ்க்காவல்:
கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை வெறும் ஃபார்மட் செய்து விடாதீங்க, ஃபைல்கள் திரும்ப வரும். டிஸ்க் அழிக்கும் என்வைப் மென்பொருள் கொண்டு ஒரு முறை முழுக்க சுழியம் எழுதினால் போதும். 500 ஜிபிக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம். எஸ்எஸ்டிக்கு இந்த முறை ஆகாது, மறைந்திருக்கும் உபரி பிளாக்குகளுக்கு எழுத்து போய்ச் சேராது; அதற்கு செக்யூர் எரேஸ், அதாவது எஸ்எஸ்டியே தன்னை அழித்துக்கொள்ளும் கட்டளை. முடியாமல் பாதியில் நிற்கும் டிஸ்க்கில் டிரில் போட்டு உள்ளே சுழலும் தட்டை (பிளாட்டரை) துளையுங்க. டிஸ்க் சீரியல் நம்பர், தேதி, செய்தவர் கையெழுத்து மூன்றும் ரிஜிஸ்டரில் ஏறணும். மெஷின் தொடங்கும் செட்டிங்குக்கான பயாஸ் பாஸ்வேர்டையும் எடுத்துவிடுங்க, மறந்தால் தடாவில் யாராலும் பூட் செட்டிங்கைத் தொட முடியாது.

எல்லைக்கணக்கு:
ஒரே கம்பெனிதானே என்று டெலிவரி சலானில் அனுப்பிவிடாதீங்க. உங்கள் ஜிஎஸ்டி நம்பர் தமிழ்நாட்டுக் குறியீடு 33இல் தொடங்கும், அங்கே ஆந்திராவின் 37. சட்டப்படி இரண்டும் வேறு நபர். காசு வாங்காவிட்டாலும் சப்ளைதான். டாக்ஸ் இன்வாய்ஸ் போட்டு 18% ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டும் சரக்குக்கான வரி), எச்எஸ்என் என்ற சரக்குக் குறியீடு 8471. தடா அந்த வரிக்கு முழு கிரெடிட் எடுக்க முடிந்தால் இன்வாய்ஸில் போடும் மதிப்பே ஏற்கப்படும்.

மாநிலம் தாண்டும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் சரக்கோடு போக வேண்டிய ஆன்லைன் ரசீதான இ-வே பில் வேண்டும். பக்கத்து ஊர்தானே என்று அதில் வண்டி நம்பரை விட்டுவிடுகிறார்கள். வண்டி நம்பர் வேண்டாம் என்ற 50 கிலோமீட்டர் சலுகை மாநிலத்துக்குள் மட்டும்தான்.

கும்மிடி_சிஸ்டம்ஸ்:
நன்றி. தேறாத போர்டுகளை யாரிடம் கொடுப்பது?

எல்லைக்கணக்கு:
பதிவுபெற்ற ரீசைக்கிளரிடம் மட்டும். வருஷத்தில் குறைந்தது 1,000 மின், மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்தும் கம்பெனி பதிவுபெற்றவரிடம்தான் கொடுக்கணும் என்பது 2022 இ-கழிவு விதிகளில் கட்டாயம். குறைவாக இருந்தாலும் பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்காதீங்க, ஒயரை எரித்துச் செம்பு எடுப்பார்கள். ரசீதில் எடையோடு எண்ணிக்கையும் எழுதச் சொல்லுங்க, அப்போதுதான் அசெட் ரிஜிஸ்டரில் கழிக்க ஆடிட்டர் ஒப்புவார்.