வெள்ளவத்தைப் பேச்சு: இந்த முறை மீன்பிடிப் பூனை

அன்பான அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கைமாருக்கு வணக்கம். ஓகஸ்டில் வெள்ளவத்தை மண்டபத்தில் பிள்ளைகளுக்காக வைக்கும் பேச்சை இந்த முறை எப்படி அமைக்கலாம் என்று எழுதுகிறோம்.

ஓகஸ்ட் விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் யால போய் யானை பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் போகும் தூரத்தில், அத்திடிய, பெத்தகான சதுப்புகளில் மீன் பிடித்துத் தின்னும் ஒரு காட்டுப்பூனை இருப்பது அவர்களுக்குத் தெரியாது. 2018இல் ராம்சர் (ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கொழும்புக்குக் கிடைத்தது இந்தச் சதுப்புகளால்தான். ஆகவே பேச்சு இந்த ஒரு மிருகத்தோடு நிற்கட்டும். 'இலங்கை வனவிலங்குகள்' என்று பொதுவாக வைத்தால் படங்கள் ஓடிக்கொண்டே இருக்கும், மனதில் ஒன்றும் தங்காது.

பேச்சாளர் கட்டாயம் சொல்லவேண்டியது, சிறுத்தைக் குட்டியிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது என்பது. மீன்பிடிப் பூனையின் உடலில் தனித்தனிக் கரும்புள்ளிகள். நெற்றியிலிருந்து பிடரி வரை கருங்கோடுகள். சிறுத்தைக்குப் புள்ளிகள் வளையமாகச் சேர்ந்திருக்கும், வாலும் நீளம். இதன் வால் குட்டை, தடிப்பு. விரல்களுக்கு இடையே பாதிச் சவ்வு உண்டு. நகங்கள் முழுதாக உள்ளே மடங்காது. கரையோரம் குந்தியிருந்து, பூச்சி விழுந்ததுபோல் தண்ணீரை முன்காலால் மெல்லத் தட்டி மீனை வரவழைக்கும். இதற்கு வீடியோத் துண்டு ஒன்று போதும், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

புல் வெட்டும்போதோ கூரைக்கு மேலோ குட்டிகளைக் கண்டால் 'தாயில்லாதது' என்று தூக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் தாய் இரை தேடப் போயிருக்கும். தொடாமல், நாயைக் கட்டிவைத்து, ஆட்களை விலக்கினால் இரவில் வந்து கவ்விக்கொண்டு போகும். காயம் இருந்தால் மட்டும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு அழையுங்கள். வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம்.

பேச்சாளர் தேடுவோர் 1894இல் தொடங்கிய வனஜீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தைக் கேட்கலாம். அவர்களே மாதாந்தம் பொது விரிவுரை நடத்துகிறார்கள். ஆங்கிலத்தில் பேசுபவர் கிடைத்தால் வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டாம், 40 நிமிடப் பேச்சு 80 ஆகி மண்டபம் காலியாகிவிடும். முதலில் 10 நிமிடம் தமிழில் அறிமுகம், பிறகு பேச்சு, கேள்வி நேரம் தமிழில். உயிருள்ள பாம்பு, ஆமை எதையும் மேடைக்குக் கொண்டுவர விடாதீர்கள். சனம் கூடும், உண்மைதான். ஆனால் மிருகம் வெருண்டு போகும், பிள்ளைகளும் அதைப் படம் எடுக்கும் பொருளாகவே பார்ப்பார்கள்.

மாலை 5 மணிக்கு யன்னல் வெளிச்சம் திரையில் விழும். இருட்டில் எடுத்த பூனைப் படங்கள் அதில் தெரியவே தெரியாது. கறுப்புத் துணி கட்டுங்கள். சூமில் கேட்பவர்களுக்காக ஒலிவாங்கியைப் பேச்சாளரின் சட்டையில் குத்துங்கள். மடிக்கணினியின் ஒலிவாங்கிக்கு மின்விசிறிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும்.

மறுநாள் காலை பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கு 10 பேர் கொண்ட குழுக்களாகப் போகலாம். பூனை இரவில்தான் வெளியே வரும். காலையில் அதை எதிர்பார்க்க வேண்டாம், கரைச் சேற்றில் கால்தடம் தேடலாம். தொலைநோக்கிக்கு 8x42 (8 மடங்கு பெரிதாக்குவது) போதும். 10x பிள்ளைகளின் கையில் ஆடும்.

கொழும்பில் மாலை 5 மணி என்றால் ஓகஸ்டில் லண்டனில் பகல் 12.30, ரொறன்ரோவில் காலை 7.30, சிட்னியில் இரவு 9.30. வெளியூர் உறவுகள் கேள்விகளை முதல்நாளே எழுதி அனுப்பினால் மண்டபத்துக் கேள்விகளோடு சேர்த்துக் கேட்கிறோம்.